சைலன்சர் வேண்டாம் என்ற சந்தனம்

கலஹாவில் தோட்டத் துரையின் ஜீப்பை முப்பது வருடம் சத்தமில்லாமல் ஓட்டிய சந்தனம், ஓய்வுபெற்றதும் சொந்தமாக ஒரு டர்போ டீசல் டபள் கெப் வண்டி வாங்கினார். பல்லேகல கராஜில் புகைக்குழாய் மாற்றப் போனபோது மெக்கானிக் ஸாகி, "பெரிய பைப் போட்டா இழுவை கூடும், அண்ணன். சைலன்சர் வச்சாலும் வைக்காட்டியும் இழுவை ஒண்டுதான்" என்றார்.

"அப்ப அது எதுக்குங்க? வேணாம்" என்றார் சந்தனம், இழுவை ஒன்றே முக்கியம் என்ற முகத்தோடு.

வண்டி உறுமிய உறுமலில் ஊரே திரும்பிப் பார்த்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. அன்று மாலையே மனைவி ருக்குமணி கேட்டார்:

"பேக்கரி வளைவுல பத்து நிமிஷம் சத்தம் நின்னுச்சே. சீனி வருத்தத்த வச்சிக்கிட்டு இனிப்பு பணிஸா தின்னீங்க?"

இனி சைலன்சர் பூட்டினால் மானம் போய்விடும். மறுநாளிலிருந்து வண்டியைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, பேக்கரிக்கு ஒரு மைல் மேடேறி நடந்து, நடந்தே திரும்பினார். கோயிலடியில் சத்தம் ஓய்வதைக் கேட்டு ருக்குமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்தில் இரத்தத்தில் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. "என்ன செஞ்சீங்க?" என்று கிளினிக்கில் டொக்டர் வியந்தார்.

"தினம் கோயிலுக்குப் போறாருங்க" என்றார் ருக்குமணி.

சந்தனம் பக்தியோடு தலையசைத்தார்.