கஸ்தூரி செய்த புரோட்டீன் பார்

மலேசியாவில், பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் சமைக்கும் கஸ்தூரி, புரோட்டீன் பார் செய்யக் கற்றுக்கொண்டது மகள் ஷர்மினிக்காக. பள்ளியில் நெட்பால் ஆடிவிட்டு வந்து, "கடையில விக்கிற பார் வேணும்லா" என்று அடம்பிடிப்பாள் அந்தப் பெண். அப்போது கஸ்தூரியின் புருஷன் ஜீவன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடை பார் வாங்க ஏது வழி?

நாமே செய்வோம் என்று இறங்கினாள். முதல் தட்டு கல்லாகிப் போனது. கொதிக்கிற பாகில் புரோட்டீன் மாவைக் கொட்டினால் வேறென்ன ஆகும்! நாலைந்து தட்டு வீணான பிறகே கை பழகியது. பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைப்பாள். வறுத்த கச்சான் கடலையும் எள்ளும் பொடித்துச் சேர்ப்பாள். நன்றாக ஆறிய பிறகுதான் மாவு. தட்டில் பரப்பி, டம்ளரின் அடியால் அழுத்தி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வெட்டினால், அப்பப்பா, அப்படி ஒரு ருசி! பத்து வருஷம் ஷர்மினி அதைத் தின்றுதான் ஆடினாள், படித்தாள்.

ஜொகூர் பாருவில் ஜிம் நடத்தும் ரூபேந்திரனோடு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பூலப் பையில் தேங்காயோடு அம்மா செய்த பாரையும் போடலாம் என்று சொன்னதே ஷர்மினிதான். கஸ்தூரிக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் இல்லாதவள் என்பதால் பெற்ற மகளைத் தாரை வார்க்க அவளுக்கு வழியில்லை, தம்பி வீரமுத்துவும் அவன் பெண்டாட்டியும்தான் மணையில் உட்காருவார்கள். இதாவது என் கையால் போகட்டும் என்று ஒரு வாரம் லீவு போட்டு நானூறு பார் செய்தாள். ஒட்டுவதற்கு, 'கஸ்தூரி அம்மா கைப்பக்குவம்' என்று ஸ்டிக்கரும் அச்சடித்தாள்.

அதை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மலர் வந்து சேர்ந்தார். பெட்டியிலிருந்து ஒரு பாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது ஷர்மினி? தாம்பூலத்துல வைக்கிறது, சுமங்கலி கைபட்டதா இருக்கணும்மா."

டீ கொண்டுவந்த கஸ்தூரி அப்படியே நின்றுவிட்டாள். சொல்வாள், என் பெண் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"கடையில ஆர்டர் குடுத்தது அத்தை" என்றாள் ஷர்மினி.

மலர் போன பிறகு ஸ்டிக்கர் கட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டவளும் அவள்தான். "கோச்சுக்காதம்மா, ஒரு நாள்தானே!" ஒரு நாளாம்! பத்து வருஷம் ஊட்டிய கைக்கு இந்த மரியாதை. கஸ்தூரி கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஊரே அந்தப் பாரைத் தின்பதைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் ஷர்மினி மாமியார் காதில் விழாமல் தணிந்த குரலில் போன் செய்தாள்.

"ம்மா, அத்தைக்கு அந்த பார் ரொம்பப் புடிச்சிருச்சு. சொந்தக்காரங்க வளைகாப்புக்கு நூறு வேணுமாம். நீ செஞ்சு குடு, நான் கடையில வாங்குனதா சொல்லிக்கிறேன்."

"அத்தை வீட்ல இருக்காங்களா? அவங்ககிட்ட குடு, நானே பேசுறேன்."

கடையில் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று சொல்லத்தான் போகிறாள் என்று நம்பி, ஷர்மினி உள்ளே போய் மலரிடம் போனைக் கொடுத்தாள்.

"சம்பந்தி, அந்தக் கடைக்காரி நான்தான்" என்றாள் கஸ்தூரி. "நானூறும் நான் செஞ்சது. இந்தக் கை உங்க வளைகாப்புக்கு ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

மலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐயோ, குடுங்க அத்தை!" என்று ஷர்மினியின் குரல் கேட்டது. போனைப் பிடுங்கி லைனைத் துண்டித்தவளும் அவள்தான்.