சிவனணைந்தபெருமாள் பேரில் வந்த அப்டேட்

உலகம்மை வேலை பார்த்த அலுவலகம் தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மூன்றே மேசைகள். குற்றாலத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் இணையதளங்களைச் செய்து கொடுப்பார்கள். அந்தத் தளங்களின் நிரலில் பாதிக்குமேல் அவர்கள் எழுதியதே இல்லை. யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டுவைத்த நிரல் துண்டுகள், பேக்கேஜ்கள்தான். எதில் ஓட்டை இருக்கிறது, எதற்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று தினமும் காலையில் பார்ப்பது அவள் பொறுப்பு.

அந்த ஆனி மாதக் காலையிலும் பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டியலின் நடுவில் கை நின்றுவிட்டது.

'வெளியிட்டவர்: சிவனணைந்தபெருமாள். இரண்டு மணி நேரத்துக்கு முன்.'

அவளுடைய அண்ணன். புளியறைப் பக்கம் லாரி மோதி இறந்து இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது.

படிவத்தில் எழுதும் போன் நம்பர் சரிதானா என்று சோதிக்கும் சின்னப் பேக்கேஜ் அது. கல்லூரி முடித்த வருஷம் எழுதினான். எங்கெங்கோ ஆயிரக்கணக்கான தளங்கள் அதை எடுத்து வைத்திருந்தன. பேருக்குப் பக்கத்தில் அவனுடைய படம், கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எங்கேயோ உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்று அவள் நம்பிவிட்டாள்.

அப்புறம்தான் அப்டேட்டோடு இருந்த குறிப்பைப் படித்தாள். 'சிறு பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவன் அப்படி எழுதமாட்டான். எதைத் தொட்டான், ஏன் தொட்டான் என்று பத்து வரியாவது எழுதுவான். உள்ளே திறந்தாள். புதிதாக ஒரு கோப்பு இருந்தது. தலைகால் புரியாத ஒரே நீள வரி. அதைப் பிரித்துப் படிக்க அரைமணி நேரம் ஆனது. பேக்கேஜை எந்தக் கணினியில் ஏற்றுகிறார்களோ, அதில் இருக்கும் பாஸ்வேர்டுகளையெல்லாம் அள்ளி வெளியே அனுப்புகிற வேலை.

"விஜய்பாண்டி, இன்னைக்கு எதையாவது அப்டேட் பண்ணுனியா?"

எதிர் மேசைக்காரன் நிமிர்ந்தான். "ஆமா. ஐந்தருவி லாட்ஜுக்கு. எல்லாம் புது வெர்ஷன் போட்டாச்சு."

"நெட்ட புடுங்குலே! மொதல்ல புடுங்கு!"

லாட்ஜ் தளத்துக்குள் யாரோ ஏற்கெனவே நுழைந்து பார்த்திருந்தார்கள். அவள் தளத்தை நிறுத்தினாள். ஒவ்வொரு பாஸ்வேர்டாக மாற்றினாள். ஐந்து நிமிஷத்தில் லாட்ஜ்காரர் சங்கரபாண்டி போன் செய்தார்.

"ஏம்மா, சீசன் நேரத்துல சைட்ட மூடிட்டு என்ன செய்யுத?"

"திருடன் பூந்துட்டான் அண்ணாச்சி. எங்க மேலதான் தப்பு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருதேன்."

எங்கள் மேல் என்றாள். என் மேல் என்பதுதான் நிஜம். அண்ணன் தன் பேரில் ஒரு டொமைன், வருஷாவருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கவேண்டிய சொந்த இணைய முகவரி, வாங்கி, அதில்தான் மின்னஞ்சல் வைத்திருந்தான். மாற்று முகவரியாக அவளுடையதைக் கொடுத்திருந்ததால், அதைப் புதுப்பிக்கச் சொல்லி அவளுக்கு மூன்று தடவை நினைவூட்டல் வந்தது. தலைப்பில் அவன் பேர். நாளைக்குத் திறக்கலாம் என்று தள்ளிவிட்டாள். கெடு நாள் கடந்துபோனது. எவனோ அந்த டொமைனை வாங்கி, அண்ணனின் முகவரியை உண்டாக்கி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று பேக்கேஜ் தளத்திடம் கேட்டிருக்கிறான். புது பாஸ்வேர்ட் நேரே அவன் கைக்குப் போயிருக்கிறது.

பேக்கேஜ்களை வைத்திருக்கும் தளத்துக்குப் புகார் எழுதினாள். இதை வெளியிட்டது உரியவர் இல்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் 'அவன் போனப்புறம்' என்றுதான் பேச்சு. வேறு சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் முதல்முறையாக எழுதினாள்: அவர் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழையும் இணைத்தாள்.

மூன்று மணிக்கு அந்த வெர்ஷனை நீக்கினார்கள். இரண்டு நாள் கழித்து அண்ணனின் கணக்கை முடக்கி, பேக்கேஜை அவள் பொறுப்பில் விட்டார்கள். சுத்தமான வெர்ஷனைத் தன் பேரில் வெளியிட்டாள். நடந்ததைப் பத்து வரிக்கு மேல் எழுதினாள், டொமைனைத் தான் தவறவிட்டதையும் சேர்த்து.

அன்று வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திருட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அவன் பேர்ல வந்துச்சா? என்னட்டி எழுதியிருந்துச்சு?"

"அது அவன் இல்லம்மா."

"தெரியுதுட்டி. என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் கேக்கேன்."

உலகம்மை சொன்னாள். அம்மா அந்த வரியை மெதுவாக ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அண்ணனின் முகவரியிலிருந்தே ஒரு மின்னஞ்சல் வந்தது. 'கணக்கைத் திருப்பிக் கொடு. அது என்னுடையது.' பேக்கேஜ்தான் மீண்டது. அந்த டொமைன் இன்னும் திருடன் கையில்தான் இருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறாள். மாதம் ஒன்றிரண்டு இப்படி வந்துகொண்டுதான் இருக்கின்றன. இப்போது அவள் எதையும் நாளைக்கு என்று தள்ளுவதில்லை. வந்த அன்றே திறந்து, முழுக்கப் படித்து, புகாரோடு சேர்த்துவிடுகிறாள். முகவரியில் அந்தப் பேரைப் பார்க்கும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும், அந்த ஒரு நொடி வந்துதான் போகிறது.