கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே

போன வாரம் காலையில் ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கிக் கொண்டிருந்தேன். பின்னால் செல்வி வந்து நின்றாள். முத்தையா அண்ணனின் மகள். போடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

முத்தையா அண்ணனை உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை... அதற்கு நான்தான் காரணம்.

நாதஸ்வரக் குழுவில் தாளம் போடுகிறவர் அவர். வீரபாண்டித் திருவிழாவோ கம்பத்தில் கல்யாணமோ, மேளத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நின்று தாளம் தட்டுவார். அந்தக் குழுவை இருபத்தெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன். என் படங்கள் பத்திரிகையில் வந்திருக்கின்றன, காலண்டரில் வந்திருக்கின்றன. அண்ணன் இறந்து அன்றைக்குப் பத்தாவது நாள்.

"சித்தப்பா, பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு போட்டோ வேணும்" என்றாள். "ஆதார் கார்டு போட்டோதான் இருக்கு. அதுல அப்பா திருடன் மாதிரி முழிக்கிறாக. தாளத்தோட ஒண்ணு குடுங்க. உங்ககிட்ட இல்லாததா?"

இல்லாததா? பீரோ நிறைய நெகட்டிவ், ஹார்ட் டிஸ்க் நிறைய படம்! "சாயங்காலம் வாம்மா" என்று பெரிய மனுஷன் தோரணையில் அனுப்பி வைத்தேன்.

தேடினேன். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்கிறார். தவில்காரர் வியர்வை சொட்ட அடிக்கிறார். அண்ணன்? ஒரு படத்தில் முழங்கை. ஒன்றில் துண்டின் நுனி. இன்னொன்றில் தாளம் பிடித்த கை மட்டும்... மணிக்கட்டோடு வெட்டியிருந்தேன்.

படத்தில் முகம் எப்படி வந்திருக்கும்? ஃபிரேம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் தொழில் திமிர். கேமராவைத் தூக்கியதும் என் வாயில் வரும் முதல் வார்த்தையே, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதுதான். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தாளம் தப்பாமல் அப்படியே நகர்ந்து கொள்வார்.

கடைசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது. வீரபாண்டியில் எடுத்தது. முழு முகம் — என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கால் மட்டும் கலங்கியிருக்கிறது. அவர் நகர்ந்து முடிப்பதற்குள் அவசரப்பட்டு பட்டனை அழுத்தியிருக்கிறேன். வேஸ்ட் என்று ஒதுக்கிய படம். அழிக்க மறந்து போயிருக்கிறது.

சாயங்காலம் வந்த செல்வி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பாவேதான்... எங்கன போறாக சித்தப்பா?"

நடந்து வருகிறார் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தாம்மா தள்ளி நிக்கச் சொன்னேன். இதுல மட்டுமில்ல... எல்லாத்துலயும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தெரியும் சித்தப்பா, அப்பா சொல்லியிருக்காக" என்றாள். "வீட்டுல நீங்க எடுத்த காலண்டர் தொங்குதுல்ல... வர்றவுக போறவுககிட்டயெல்லாம் அதைக் காட்டுவாக. 'இந்தா, நான் இங்கன நிக்கிறேன்'னு காலண்டருக்குப் பக்கத்துல சுவத்தைத் தொட்டுக் காட்டுவாக."

அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது, "உள்ளே வாங்கண்ணே" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அந்தச் சுவர் ஞாபகம் இன்னும் தூங்க விடவில்லை.

நேற்று சின்னமனூரில் ஒரு கல்யாணம். வேறு குழு. முன்பின் தெரியாதவர்கள். கேமராவைத் தூக்கினேன். சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை — தாளக்காரர் தானாகவே ரெண்டு அடி நகர்ந்து கொண்டார்.

"அண்ணே, உள்ள வாங்க" என்றேன்.

நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.