ஸ்டெல்லாவின் பிரேக் மாடல்

நேற்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் 'கீ...ச்'சென்று பிரேக் போட்டு நின்றது. பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்கோ ஸ்டெல்லாவை நினைத்து வயிறு எரிந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கீச்சுச் சத்தம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஓசூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனி. சுற்றும் டிஸ்க்கை பிரேக் பேட் உரசும்போது எப்போது சத்தம் கிளம்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஜெர்மனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். யார் கணக்கு முதலில் வருகிறதோ அவருக்கு ஜெர்மனி டிக்கெட். போட்டியில் நானும் ஸ்டெல்லாவும். அவள் சிவாஜிநகர்ப் பெண். டிபன் பாக்ஸைத் திறந்தால் மிளகுக் கறி வறுவல் வாசனை ஏசி அறை முழுக்கச் சுற்றும். என் டப்பாவில் தினமும் சித்ரான்னம், அதே எலுமிச்சைச் சோறு. பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நான் கொள்கைவாதி. இரண்டு திடப்பொருள் ஒரே இடத்தில் இருக்க முடியாதே! பேட் டிஸ்க்குக்குள் இம்மியும் நுழையக் கூடாதென்று நிபந்தனை போட்டேன். கணக்கின் ஒரு சுற்றில் பேட் டிஸ்க்கோடு ஒட்டும், அடுத்த சுற்றில் விலகும், மறுபடி ஒட்டும். விடை மட்டும் வராது.

ஸ்டெல்லா இரண்டுக்கும் நடுவே கற்பனையாகச் சில ஸ்பிரிங்குகளை வைத்தாள். பேட் கொஞ்சம் உள்ளே போனால் ஸ்பிரிங் வெளியே தள்ளும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் விடை வந்துவிட்டது.

"உள்ள பூந்திருக்கே, இது ஏமாத்து வேலை" என்றேன்.

"முடி அளவுகூட இல்லப்பா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

மேனேஜர் ராவ் அவள் திரையைப் பார்த்து, "எஷ்ட்டு சென்னாகிதெ! எவ்வளவு நல்லாயிருக்கு!" என்று கன்னடமும் தமிழுமாக உருகினார். பிறகு என்னிடம், "உங்களோடது?"

"ஓடிட்டே இருக்கு சார்."

ஜெர்மனியில் நிஜ பிரேக்கைச் சோதித்தபோது சத்தம் அவள் சொன்ன சுருதியிலேயே வந்ததாம். ஏர்போர்ட்டில் கையாட்டி வழியனுப்பியதும் நான்தான். பாழாய்ப்போன கை! அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று சோபா விற்கிறார்கள். ஏசிக் குளிரில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடைக்குக் காத்துக் கிடந்த பெரிய கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இப்போதைய சாஃப்ட்வேர் ஸ்பிரிங்கைத் தானே வைத்துக்கொள்கிறது. இதற்காக இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள் என்று சொன்னால் என் டீம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா ஊருக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "அந்த பிரேக் மாடல் ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன்.

கேக் வெட்டிக்கொண்டே யோசித்தாள். "அதுவா? அது நீ பண்ணதுதானேப்பா?"

ஜெயித்தவளே மறந்துவிட்டாள். அவள் ஜெயித்தது இன்னும் ஞாபகமிருக்கிற ஒரே ஆள் நான்தான்.