களவே இல்லாத வீதி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த புதிதில் எங்கள் வீதிக்கு ஒரு போலீஸ் ஏட்டு வந்துபோவார். தொப்பை, முறுக்கு மீசை, பச்சை சைக்கிள். யார் என்ன புகார் சொன்னாலும், "நல்லாத் தேடிப் பாத்தீங்களா?" என்பார்.

கிணற்றடியிலிருந்த எங்கள் பித்தளை அண்டா களவு போனபோதும் அதையேதான் கேட்டார். தேடிப் பார்க்க அண்டா என்ன குண்டூசியா?

"களவுன்னு எழுதினா வீதிக்கே கெட்ட பேருங்க. ஒங்க தங்கச்சியப் பொண்ணு பாக்க எவன் வருவான்? காணலைன்னு எழுதிக்கிறேனே."

தங்கையை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் ஸ்டேஷன் வாசலிலேயே அவருடைய சைக்கிளை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரே குஷி. நடந்து வந்தவரை மறித்து, "நல்லாத் தேடிப் பாத்தீங்களா ஏட்டையா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்டோ மறந்து வச்சுட்டேங்க" என்றார்.

பிறகு அறந்தாங்கியிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், வீதி எப்படி என்று அவரிடம்தான் விசாரித்தார்கள். "இங்கிட்டுக் களவுங்கிற பேச்சே கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு, வேகாத வெயிலில் நடந்தே போனார்.

பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மனுஷன் பொய் சொன்னாரா, அந்தச் சொல்லுக்காகச் சைக்கிளையே விட்டு விரதம் இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.