வண்டி ஓட்டுகிறவனின் முறை

பலருக்குப் பொதுவான ஒரு பொருளை ஒருவன் பொறுப்பில் விட்டுவிட்டால், அதில் அவனுக்குள்ள பங்கு என்ன ஆகும்? கரியமாணிக்கம் கிராமத்துப் பிரிட்டோவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய நெல் அறுக்கும் வண்டியை அவன்தான் ஓட்டினான். யார் வயல் முதலில், யார் வயல் கடைசியில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பத்துக் காணி நிலக்காரருக்கும் ஒரு சீட்டு, அரைக் காணிக்காரருக்கும் ஒரு சீட்டு. பிரிட்டோ வீட்டுக்கு மட்டும் சீட்டு கிடையாது. வண்டி ஓட்டுகிறவன் குலுக்கலில் சேரக்கூடாது, என் வயலைக் கடைசியில் அறுத்துக்கொள்கிறேன் என்று முதல் வருடமே அவனாகச் சொல்லிவிட்டான். அப்படிச் செய்யும்படி யாரும் அவனிடம் கேட்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. அது நேர்மையா, யாராவது குத்திப் பேசிவிடுவார்களோ என்ற பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவன் அப்பா இதே வயல்களில் கூலிக்கு அறுத்தவர்.

மழை தள்ளி நின்ற வருடங்களில் கடைசி முறையால் நஷ்டமில்லை. இந்தத் தை மாதம் புயல் வருகிறது என்று செய்தி வந்தது. நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும்.

குலுக்கல் அன்று அவன் மனைவி ஜோஸ்பின் சங்கத்துக்கு வந்து நின்றாள்.

"தலைவரே, என் சீட்டு எங்க?"

தலைவர் பச்சையப்பன் சிரித்தார். "உன் வூட்டுக்காரருதான் வேணாம்னுட்டாரேம்மா."

"அவரு டிரைவரு. மெம்பரு நானு. நிலம் எங்கம்மா எனக்குக் குடுத்தது, ஷேரும் என் பேர்ல. வேணாம்னு சொல்றதா இருந்தா அவரு சம்பளத்த வேணாம்னு சொல்லட்டும்."

"டிரைவருக்கே ஒரு டிரைவரு இருக்குடோய்!" என்றார் பின்னால் இருந்த ஒருவர். கூட்டம் சிரித்தது. பிரிட்டோ சிரிக்கவில்லை.

"சும்மா இருடி" என்றான்.

"எல்லார் நெல்லும் வூடு போய்ச் சேரணும், நம்முளுது மட்டும் மொளைக்கணுமா?"

பச்சையப்பன் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். அவள் பேரும் டப்பாவுக்குள் விழுந்தது. குலுக்கியதில் மூன்றாவதாக வந்தது. நான்காவது பச்சையப்பன்.

இரண்டு வயல்கள் முடிந்தன. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜோஸ்பினின் வயல் ஓரத்தில் பிரிட்டோ இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். தன் முறைக்காகக் காத்திருந்த பச்சையப்பனிடம் சாவியை நீட்டினான். வண்டி வந்த புதிதில் அவரும் ஓட்டிப் பழகியவர்தான்.

"இது எங்க வூட்டு வயலு. நீங்க ஓட்டுங்கண்ணே."

"இன்னாடா, வெளையாட்றியா? நான் ஓட்டி எத்தினி வருசமாச்சு. மழ வருது பாரு!"

"இது முடிஞ்சாத்தாண்ணே உங்க வயலு."

"இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்று ஜோஸ்பின் கத்தினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

பச்சையப்பன் திட்டிக்கொண்டே ஏறினார். வண்டி கோணல்மாணலாகப் போயிற்று. மூலைகளில் கதிர்கள் அறுபடாமல் நின்றன. ஆனாலும் முதல் தூறல் விழுந்தபோது நெல் டிராக்டரில் ஏறி, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அதுவரை பிரிட்டோ, மற்ற வயல்காரர்களைப் போலவே, வரப்பில் கைகட்டி நின்றான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, தூறலோடு தூறலாகப் பச்சையப்பன் வயலில் வண்டியை இறக்கினான். ஏன் அப்படிச் செய்தான் என்று ஜோஸ்பினிடம்கூட அவன் சொன்னதில்லை.