வாங்கிக்கண்ணே!

சத்யப்ரியாவின் உதையில் வேகத்துக்குக் குறைவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பதினொரு ஆண்டுகளாக மூட்டை ஏற்றும் கால்கள் அவை. ஆனாலும் டேக்வாண்டோ கறுப்பு பெல்ட் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தார். சுழற்றி உதைத்துப் பலகையை உடைக்க வேண்டும். இரண்டு முறையும் அது உடையவில்லை.

வயது முப்பத்து நான்கு. பெல்ட் கிடைத்தால் திருப்பரங்குன்றத்தில் பெண்களுக்கு வகுப்பு தொடங்கலாம். பன்னிரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கே.கே. நகரில் அவருக்குப் பயிற்சி தரும் வர்ஷினிக்கு வயது இருபத்து மூன்று.

"முட்டி நல்லா மேல வருது, விரலை மடக்குறீங்க, முன்பாதம் சரியாப் படுது. ஊன்றி நிக்கிற கால் மட்டும் திரும்பவே மாட்டேங்குது. அது திரும்பாம இடுப்பு எப்படிக்கா திரும்பும்?"

"திருப்புனா வழுக்கிருமே மாஸ்டர்."

"பயிற்சிப் பாய் மேலயா?"

சத்யப்ரியா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். மார்க்கெட் தரை எப்போதும் ஈரம். மிதிபட்ட பூ வேறு. கால்விரலால் தரையைக் கவ்வி நடந்தால்தான் அங்கே விழாமல் இருக்கலாம். அந்தப் பழக்கம் காய்ந்த பாயிலும் விடவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு வர்ஷினி மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். மினி வேன் மேல் டிரைவர் தங்கப்பாண்டி நின்றிருந்தார். சத்யப்ரியா செண்டுமல்லி மூட்டையை இடுப்போடு அணைத்து, உடம்பைச் சுழற்றி, "வாங்கிக்கண்ணே!" என்று வீசினார்.

"அக்கா, அசையாம நில்லுங்க! காலைப் பாருங்க!"

இடது கால் முன்பாதத்தில் சுழன்று நன்றாகத் திரும்பியிருந்தது.

"இங்க மட்டும் வழுக்கலையே?" என்றார் வர்ஷினி.

தங்கப்பாண்டி மேலிருந்து சிரித்தார். "கையில அம்புட்டுச் சுமை இருக்கையில காலை யாரு நினைப்பா பாப்பா?"

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பலகையைப் பிடித்தவர் வீரணன். முந்தைய இரண்டு முறையும் அவரேதான்.

"இந்தத் தடவையாச்சும் என் கை வலிக்கிற மாதிரி அடிங்கம்மா. ஒவ்வொரு தடவையும் சும்மாவே பிடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன்."

உதைக்கும்போது குரல் கொடுக்க வேண்டும். சத்யப்ரியா முட்டியை உயர்த்தினார். வாயில் வந்தது அதுதான்: "வாங்கிக்கண்ணே!"

ஊன்றிய கால் திரும்பியது, இடுப்பு கூடவே வந்தது. சத்தம் கேட்பதற்குள் உதைத்த கால் மடங்கித் திரும்பிவிட்டது. வீரணன் கைக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளுடன் நின்றார்.

"வாங்கிட்டேன் தாயி," என்றார்.

திருப்பரங்குன்றம் வகுப்பில் இப்போது பதினேழு பேர். உதைக்கும்போது எல்லோரும் அதையேதான் கத்துகிறார்கள். சுந்தரம்மாள் மட்டும் "வாங்கிக்க மாப்ள!" என்று மாற்றிக்கொண்டார்.